படகுக்கு எது அபாய மட்டம்?

தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் நம் செய்தித்தாள்களில் ஒரு செய்தி தவறாமல் வரும். ஒகேனக்கல்லுக்கு நீர்வரத்து அதிகரிப்பு, பரிசல் இயக்கத் தடை. கூடவே ஓர் எண் இருக்கும். விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி. 2018 ஆகஸ்டில் அது 2 லட்சத்தைத் தாண்டியது. மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைக் காலைக் காபியோடு படித்துப் பழகியவர்கள் நாம். நாற்றங்கால் விடுவதா, இன்னும் பத்து நாள் பொறுப்பதா என்று டெல்டா விவசாயி முடிவெடுப்பது அந்த எண்ணைப் பார்த்துத்தான். காவிரி வழக்கில் வக்கீல்கள் வாதாடியதும் அந்த எண்ணை வைத்துத்தான்.

ஆனால், பெண்டாட்டி பிள்ளைகளோடு பரிசலில் ஏறப்போகும் ஒருவருக்கு அந்த எண் என்ன சொல்கிறது? 9 ஆயிரம் கன அடி என்றால் போகலாமா, கூடாதா? காலையில் அளந்ததா, இப்போது அளந்ததா? ஏறுகிறதா, வடிகிறதா? இதற்கெல்லாம் பதில் கையிலேயே இருக்கும் வசதி சில நாடுகளில் வந்து வெகுநாளாகிறது. கயாக் ஓட்டுபவர்கள், ராஃப்டிங் போகிறவர்கள், தூண்டில்காரர்கள் எல்லோரும் வீட்டை விட்டுக் கிளம்பும் முன் கைப்பேசியில் ஆற்றைப் பார்த்துவிடுகிறார்கள். இந்தியாவிலும் செயலிகள் வந்துவிட்டன. அவை படகுக்காரருக்கு எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் கைவிடும் என்பதைத்தான் இந்தக் கட்டுரை பேசுகிறது.

அளவுமானி வந்த கதை

1869 மே 24. அமெரிக்காவின் வயோமிங் பகுதியில் கிரீன் ரிவர் என்ற இடத்திலிருந்து 4 படகுகளில் 10 பேர் புறப்பட்டார்கள். தலைவர் ஜான் வெஸ்லி பவல். உள்நாட்டுப் போரில் ஷைலோ களத்தில் வலக்கையை இழந்தவர். கொலராடோ ஆற்றின் பெரும் பள்ளத்தாக்கைப் படகில் கடப்பது அவர்களுடைய திட்டம். அடுத்த வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஆறு ஏறுமா, வடியுமா என்பதும் தெரியாது. லொடோர் பள்ளத்தாக்கில் ஒரு படகு பாறையில் மோதிச் சிதறியது. ஒருவர் இடையிலேயே விலகினார். கடைசிக் கட்டத்தில் மூன்று பேர், இனி இந்த ஆறு வேண்டாம் என்று மலையேறிப் போனார்கள். அவர்கள் உயிரோடு ஊர் சேரவில்லை. மூன்று மாதம் கழித்துப் பள்ளத்தாக்கின் மறுமுனையில் வெளியே வந்தவர்கள் ஆறு பேர்.

அதே பவல் 1881-ல் அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநரானார். அவர் பொறுப்பில் இருந்தபோதுதான், 1889-ல், நியூ மெக்சிகோவின் எம்புடோ என்ற சிற்றூரில் ரியோ கிராண்டே ஆற்றங்கரையில் அந்த நிறுவனத்தின் முதல் அளவுமானி நிலையம் அமைந்தது. படகுக்காரர்களை நினைத்து அதை அமைக்கவில்லை. வறண்ட மேற்குப் பகுதியில் பாசனத்துக்கு எவ்வளவு தண்ணீர் தேறும் என்று கணக்கெடுக்கவே அமைத்தார்கள். பாசனத்துக்காக எடுத்த அளவு நூறாண்டு கழித்துப் படகுக்காரரின் சட்டைப்பைக்குள் வந்து சேர்ந்தது.

இன்று அந்த நிறுவனத்துக்கு நீரோட்டம் அளக்கும் நிலையங்கள் 8,000-க்கும் மேல் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை அளவு பதிவாகிறது. செயற்கைக்கோள் வழியே வந்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் ஏறுகிறது. கட்டணம் கிடையாது. செயலிகளுக்கு அடிப்படை இந்தத் திறந்த கதவுதான். ஓர் இளைஞர் வீட்டில் உட்கார்ந்து நல்ல ஆற்றுச் செயலி செய்ய முடிகிறதென்றால், அரசு அளந்ததை அரசு பூட்டி வைக்கவில்லை என்று பொருள். பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமையும் தன் அளவுகளை இப்படியே திறந்து வைத்திருக்கிறது.

இதில் படகுக்காரர் தெரிந்துகொள்ள வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. அளவுமானி பெரும்பாலும் அளப்பது நீரின் உயரத்தை மட்டுமே. ‘இத்தனை கன அடி’ என்பது அந்த உயரத்திலிருந்து கணக்குப் போட்டு எடுப்பது. அந்தக் கணக்குக்காக ஊழியர்கள் அவ்வப்போது பாலத்தின் மேலோ படகிலோ போய், ஆற்றைக் குறுக்காகப் பல துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் ஆழத்தையும் வேகத்தையும் அளக்கிறார்கள். இந்த உயரத்துக்கு இவ்வளவு ஓட்டம் என்ற அட்டவணை அப்படி உருவாகிறது. பெரிய வெள்ளம் வந்து மணலை அரித்துப் போட்டால் அட்டவணை பிசகும். மறுபடி அளந்து திருத்தும்வரை திரையில் தெரியும் எண்ணில் பிழை இருக்கலாம். அதனால்தான் அண்மை அளவுகளோடு ‘தற்காலிகம்’ என்ற குறிப்பும் வருகிறது. கடைசி இலக்கம்வரை அந்த எண்ணை நம்பக் கூடாது. அது எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

2,800 கன அடி என்றால் எவ்வளவு?

அமெரிக்கர்களும் நம்மைப் போலவே விநாடிக்குக் கன அடி என்றுதான் ஆற்றை அளக்கிறார்கள். ஆகவே அவர்களுடைய செயலியைத் திறந்தால் நமக்கு உடனே பிடிபடும். மேற்கு வர்ஜீனியாவில் காலி என்றோர் ஆறு இருக்கிறது. மேலே சம்மர்ஸ்வில் அணை. ஆண்டுதோறும் செப்டம்பர், அக்டோபரில் படகுப் பயணத்துக்கென்றே குறிப்பிட்ட நாள்களில் அணையிலிருந்து சுமார் 2,800 கன அடி திறந்துவிடுகிறார்கள். தேதியை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். ராஃப்டிங்காரர்கள் எங்கெங்கிருந்தோ வந்து குவிவார்கள். காலியின் மேல்பகுதி, தேர்ந்தவர்கள் மட்டும் இறங்க வேண்டிய ஐந்தாம் நிலை ஆறு.

நம் காவிரியில் ஒகேனக்கல்லுக்கு 2,800 கன அடி என்றால் பாறைகள் தலைகாட்டிக்கொண்டிருக்கும். அதே எண் காலியில் ஆளை விழுங்கும். அகலம், சரிவு, பாறைக் கிடை இவை மாறினால் எண்ணின் பொருளே மாறிவிடுகிறது. ஒரு கன அடி நீர் சுமார் 28 லிட்டர். 10,000 கன அடி என்றால் ஒவ்வொரு விநாடியும் ஏறக்குறைய 283 டன் தண்ணீர். அது அரை மைல் அகலத்தில் பரவி ஓடுவது வேறு, இரண்டு பாறைகளுக்கு நடுவே பிதுங்கி ஓடுவது வேறு. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது படகைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும்.

ஆகவே எண்ணை மட்டும் காட்டும் செயலி பாதிச் செயலிதான். மீதிப் பாதியைச் செய்திருப்பவர்கள் படகோட்டிகளே. 1954-ல் தொடங்கிய அமெரிக்கன் வைட்வாட்டர் என்ற அமைப்பு, நாட்டின் ஆறுகளைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் எந்த அளவுமானியைப் பார்க்க வேண்டும், எந்த அளவுக்குக் கீழே போனால் படகு தட்டும், எதற்கு மேலே போனால் இறங்கக் கூடாது என்று எழுதி வைத்திருக்கிறது. எழுதியவர்கள் அந்த ஆற்றில் துடுப்புப் போட்டவர்கள். அளவுமானி எண்ணைச் சொல்ல, அந்த எண்ணின் பொருளை இவர்கள் சொல்கிறார்கள். இரண்டும் ஒரே திரையில் சேரும்போதுதான் பயணிக்குப் பதில் கிடைக்கிறது.

இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்றில் இதை அரசே செய்கிறது. அங்கே ஒவ்வொரு நீர்க்கதவிலும் பலகை தொங்கும். நீரோட்டம் கூடும்போது மஞ்சள் பலகை: துடுப்புப் படகுகள் இறங்க வேண்டாம், இயந்திரப் படகுகள் பாதுகாப்பான இடம் பார்த்துக் கட்டிக்கொள்ளலாம். வடியும்போதும் மஞ்சள்தான், ஆனால் வாசகம் வேறு: துடுப்புப் படகுகள் இன்னும் பொறுங்கள், இயந்திரப் படகுகள் எச்சரிக்கையோடு போகலாம். ஓட்டம் மிஞ்சினால் சிவப்புப் பலகை, யாரும் போகாதீர்கள். நீர்க்கதவில் என்ன தொங்குகிறதோ அதுவே இணையத்திலும் வருகிறது. கைப்பேசி வைத்திருப்பவரும் வைத்திராதவரும் ஒரே சொல்லைப் படிக்கிறார்கள். படகுக்குப் படகு அறிவுரை மாறுவதையும் கவனியுங்கள். இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

வெள்ளச் செயலியின் பச்சை நிறம்

2021 அக்டோபர் 30. வேல்ஸ் நாட்டில் ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் என்ற ஊர். துடுப்புப் பலகைகளில் நின்றபடி 9 பேர் கிளெடாவ் ஆற்றில் இறங்கினார்கள். மழை பெய்து ஆறு பெருகியிருந்தது. ஊர் நடுவே ஒரு தடுப்பணை. தடுப்பணையை மேல்புறத்திலிருந்து வருபவர் பார்த்தால், சமனான நீர்ப்பரப்பு ஒன்று கோடு கிழித்தாற்போல முடிவதுதான் தெரியும். கீழே விழும் நீர் திரும்பத் திரும்ப உள்ளிழுக்கும் சுழலாவது கண்ணுக்குத் தெரியாது. அன்று நான்கு பேர் இறந்தார்கள். ஊருக்குள் வெள்ளம் புகுந்துவிடவில்லை; வீடுகள் மூழ்கவில்லை. கரையில் இருப்பவருக்கு அது சற்றே நிறைந்து ஓடும் ஆறு. நீரில் இருப்பவருக்கு அதுவே எமன்.

இந்தியச் செயலிகளைப் பார்க்கும்போது இந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது. மத்திய நீர் ஆணையம் 2023 ஆகஸ்டில் ‘ஃபிளட்வாட்ச் இந்தியா’ செயலியை வெளியிட்டது. அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பதிப்பில் 592 வெள்ளக் கண்காணிப்பு நிலையங்களும் 150 பெரிய நீர்த்தேக்கங்களும் இடம்பெற்றன. நல்ல முயற்சி; வெள்ளப் பகுதி மக்கள் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் இருக்க வேண்டியது. வரைபடத்தில் ஒவ்வொரு நிலையமும் ஒரு புள்ளி. இயல்பு என்றால் பச்சை. எச்சரிக்கை மட்டத்தைத் தாண்டினால் மஞ்சள். அபாய மட்டத்தைத் தாண்டினால் ஆரஞ்சு. இதுவரை பதிவான உச்ச உயரத்தைத் தொட்டாலோ தாண்டினாலோ சிவப்பு.

அபாய மட்டம் யாருக்கான அபாயம்? கரையோர ஊருக்கும் வயலுக்கும் சாலைக்கும். அந்த மட்டத்தை நிர்ணயிப்பதே அவற்றை மனத்தில் வைத்துத்தான். பரிசலுக்கோ அபாயம் அதற்கு வெகு கீழேயே தொடங்கிவிடுகிறது. புள்ளி பச்சையாக இருக்கும்போதே பரிசல் துறையை மூட வேண்டிய நிலை வரும். செயலியைத் திறந்து பச்சையைப் பார்த்துவிட்டு, போகலாம் என்று ஒருவர் முடிவு செய்தால் அது செயலியின் குற்றமாகாது. அது சொல்ல வந்த செய்தி வேறு. படகுக்கான செய்தியைச் சொல்ல இங்கே இன்னும் யாரும் முழுதாக முன்வரவில்லை என்பதுதான் குறை.

மொழியும் ஒரு குறை. ஃபிளட்வாட்ச் அறிமுகமானபோது ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வந்தது. தமிழ்நாடு அரசு 2024-ல் வெளியிட்ட ‘டிஎன் அலர்ட்’ தமிழில் மழை, அணை நீர்மட்டம், வெள்ள எச்சரிக்கை ஆகியவற்றைச் சொல்கிறது. படகுத்துறைக்கான அறிவிப்பையும் சேர்க்க அதுவே பொருத்தமான இடம் என்று நினைக்கிறேன்.

பிலிகுண்டுலு பார்க்காத நீர்

கர்நாடகத்திலிருந்து காவிரி தமிழகத்துக்குள் வரும் இடத்தில் பிலிகுண்டுலு. மத்திய நீர் ஆணையத்தின் அளவு நிலையம் அங்கே இருக்கிறது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் ஆண்டுக்கு 177.25 டிஎம்சி என்று தீர்ப்புச் சொன்னதே, அந்தத் தண்ணீரை அளப்பது இங்கேதான். 11,574 கன அடி ஒரு நாள் முழுக்க ஓடினால் 1 டிஎம்சி. இரு மாநிலங்களின் கண்களும் படிந்திருக்கும் அளவு என்பதால் அக்கறையோடு எடுக்கப்படும் அளவு அது. அதற்குக் கீழேதான் ஒகேனக்கல். பரிசல் துறைக்கு மேலேயே இப்படியொரு நிலையம் அமைந்தது பெரிய கொடுப்பினை.

கபினியிலும் கிருஷ்ணராஜ சாகரிலும் திறந்த தண்ணீர் இங்கே வந்து சேர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். முன்னெச்சரிக்கைக்கு அது தாராளம். ஆனால் எல்லாத் தண்ணீரும் அணையிலிருந்து வருவதில்லை. பெங்களூரு, ராமநகரம் பக்கம் கொட்டித் தீர்த்தால் அர்க்காவதி பெருகி மேகதாதுவுக்கு அருகே காவிரியில் சேரும். அணையில் சொட்டு நீர் திறக்காவிட்டாலும் பிலிகுண்டுலுவில் அளவு ஏறும். அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் காடுகளில் மழை பெய்தால் காட்டாறுகள் சில மணி நேரத்திலேயே வந்து சேர்ந்துவிடும். சின்னாறு கலப்பதோ ஒகேனக்கல்லிலேயே; பிலிகுண்டுலு அளவுமானிக்கு அந்த நீர் தெரியவே தெரியாது. ஒரே ஓர் எண்ணைப் பார்த்துவிட்டு முழு ஆற்றையும் பார்த்துவிட்டதாக நினைக்கக் கூடாது என்பது இதனால்தான். நமக்கும் அளவுமானிக்கும் நடுவே எந்த ஓடை வந்து கலக்கிறது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

15 நிமிடத்துக்கு ஒருமுறை அளப்பதும் சில நேரம் போதாது. 2025 ஜூலை 4 விடியலில் டெக்சாஸ் மாநிலத்தில் குவாடலூப் ஆறு சுமார் 45 நிமிடத்தில் 26 அடி உயர்ந்தது. ஆற்றங்கரை முகாமில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தைகள் உட்பட நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். உலகிலேயே அடர்த்தியான அளவுமானி வலைப்பின்னல்களுள் ஒன்றைக் கொண்ட நாடு அது. 45 நிமிடத்தில் ஓர் அளவுமானியிடமிருந்து வரக்கூடியவை மூன்று அளவுகள். அந்த நேரத்தில் அவற்றை விழித்திருந்து படிப்பவர் யார்? 2014 ஜூன் 8 அன்று இமாசலப் பிரதேசத்தில் லார்ஜி அணையிலிருந்து திறந்த நீர், பியாஸ் ஆற்றில் பாறைகள் மேல் நின்றிருந்த ஐதராபாத் மாணவர்கள் 24 பேரை அடித்துச் சென்றது. அங்கே தண்ணீர் வரும் நேரம் அணையில் இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆற்றில் நின்றவர்களுக்குப் போய்ச் சேரவில்லை.

ஆகவே செயலி வைத்திருப்பவர் முதலில் பார்க்க வேண்டியது எண்ணின் பக்கத்தில் இருக்கும் நேரத்தை. மலையிடுக்கில் சிக்னல் அற்றுப்போனால் கடைசியாக வந்த எண் திரையில் அப்படியே நிற்கும். அது இரண்டு மணி நேரப் பழசு என்பதை நேரம் மட்டுமே காட்டிக்கொடுக்கும். அடுத்து வரைகோடு. கோடு மேல்நோக்கி ஏறிக்கொண்டிருந்தால், எண் சிறியதாக இருந்தாலும் இறங்கக் கூடாது. அப்புறம் மேல்பகுதி மழை. அமெரிக்க நிறுவனத்தின் சேவையில் ‘இந்த அளவைத் தாண்டினால் எனக்குக் குறுஞ்செய்தி அனுப்பு’ என்று நாமே சொல்லி வைக்கும் வசதி உண்டு. நம் செயலிகளிலும் அது வேண்டும்.

திரையில் வராத செய்திகளை ஒகேனக்கல் பரிசலோட்டிகள் நீரைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். தெளிந்து ஓடிய நீர் திடீரென்று செம்மண் நிறம் கொள்வது, சருகும் சுள்ளியும் நுரையும் திரண்டு மிதந்து வருவது, காலையில் வெளியே தெரிந்த பாறையின் ஈரக்கோடு மறைவது, அருவியின் இரைச்சல் கனப்பது. மேலே எங்கோ மழை பிடித்துவிட்டது என்பதற்கு இவை சாட்சி. மாமரத்துக் கடவிலிருந்து போகும் வழியில் எந்த நீருக்கு எந்தப் பாறை மூழ்கும், கோத்திக்கல் பக்கம் எப்போது சுழல் விழும் என்பது தலைமுறை தலைமுறையாக அவர்கள் கையில் இருக்கும் கணக்கு. அமெரிக்கன் வைட்வாட்டர் எழுதி வைத்ததற்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. ஒரே வேறுபாடு, இங்கே அதை யாரும் கேட்டு எழுதவில்லை.

எழுதினால் அவர்களுக்கும் நல்லது. ஒரு நாள் தடை என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. ‘அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்திருக்கோம், ஒரே ஒரு ரவுண்டு போயிட்டு வந்துடலாம்ணே’ என்று நச்சரிக்கும் பயணியிடம், அடுப்பெரிய வேண்டிய கவலையோடு நிற்கும் மனிதர் எத்தனை தடவை மறுப்பார்? துறையில் பலகையில் எண்ணும் நேரமும் எல்லையும் எழுதியிருந்தால், ‘நான் சொல்லலீங்க, பலகையைப் பாருங்க’ என்று கையை நீட்டிவிடலாம். உயிர் பற்றிய முடிவு, கூலி தேவைப்படும் ஒருவரின் தலையில் விழக் கூடாது. தடை நாள்களுக்கு அவர்களுக்கு ஓர் உதவித்தொகை தருவதும் பாதுகாப்புச் செலவில் சேர்ந்ததுதான்.

இதற்குப் பெரிய முதலீடு வேண்டியதில்லை. அளவு நிலையம் இருக்கிறது, தமிழ்ச் செயலி இருக்கிறது, ஆற்றை அறிந்தவர்கள் துறையிலேயே இருக்கிறார்கள். மாவட்ட நிர்வாகமும் பொதுப்பணி, நீர்வளத் துறையினரும் பரிசலோட்டிகளோடு உட்கார்ந்து, ஒவ்வொரு பரிசல் வழிக்கும் எந்த அளவில் எச்சரிக்கை, எந்த அளவில் தடை என்று வகுத்து எழுத வேண்டும். சின்னாற்றிலும் ஒரு மானி வைக்க வேண்டும். பிலிகுண்டுலுவின் அளவு, எடுத்த நேரத்தோடு, தமிழில், செயலியிலும் துறைப் பலகையிலும் ஒன்றாக வர வேண்டும். ஆடிப்பெருக்குக்கு ஆயிரக்கணக்கில் கூட்டம் சேரும் துறை அது. காவிரி கரைபுரளும் பருவமும் அதுதான். வரும் ஆடிக்குள் இதைச் செய்து முடிக்கும்படி தருமபுரி மாவட்ட நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறோம். அதுவரை பரிசல் ஏறப்போகும் வாசகர்களுக்கு: எண்ணைப் பாருங்கள், அது எத்தனை மணிக்கு எடுத்தது என்று பாருங்கள், பரிசலோட்டி வேண்டாம் என்றால் மறுபேச்சுப் பேசாமல் திரும்பிவிடுங்கள்.